குறி சொன்னவர் அக்காவின் மனதைப் படித்தது எப்படி? மாத்திரையை நிறுத்திவிட்டவரிடம் எப்படிப் பேசுவது?

பதிவு 1 | ஓடைக்கரை

அனைவருக்கும் வணக்கம். என் அக்காவுக்கு மனச்சோர்வு நோய் இருப்பதாக அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் சொல்லி, மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். தூக்கம் ஓரளவு திரும்பி, அடுப்படிப் பக்கமே எட்டிப் பார்க்காமல் கிடந்தவர் மறுபடியும் சமைக்கத் தொடங்கியிருந்த நேரத்தில், சொந்தக்காரப் பெண்மணி ஒருவர் அவரைக் குறி சொல்லும் ஒருவரிடம் அழைத்துச் சென்றார். அக்கா வாயைத் திறக்கும் முன்பே அவர் சொன்னவை இவை: நாலு பேர் முன்னால் சிரிக்கிறாய், தனியாக இருக்கும்போது அழுகிறாய், உன் குடும்பத்தில் பேசித் தீராத சொத்துப் பிரச்சினை ஒன்று இருக்கிறது, இறந்துபோன ஒருவருக்குச் செய்ய வேண்டியது குறையாக நிற்கிறது, மடியில் தங்காமல் போன பிள்ளை ஒன்று உன்னைச் சுற்றி வருகிறது. கடைசியாகச் சொன்னதைக் கேட்டதும் அக்கா அங்கேயே உடைந்து அழுதுவிட்டாராம். அது எங்கள் வீட்டில் யாரும் வெளியில் பேசாத விஷயம்.

பிறகு, பங்காளி வகையில் ஒரு பெண் செய்வினை வைத்திருக்கிறாள் என்றும், ஒரு மண்டலம் பரிகாரம் செய்ய வேண்டும் என்றும், அந்த நாட்களில் இங்கிலீஷ் மருந்து உள்ளே போனால் பரிகாரம் பலிக்காது என்றும் சொல்லி அனுப்பியிருக்கிறார். அக்கா மாத்திரையை நிறுத்திவிட்டார். "என் மனசில் இருந்ததை அப்படியே எடுத்துச் சொன்னவர் பொய் சொல்வாரா?" என்று என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கிறார். இது எப்படி நடக்கிறது என்று அறிந்தவர்களும், நோயில் இருக்கும் ஒருவரிடம் இதை எப்படிப் பேசுவது என்று அறிந்தவர்களும் எழுதினால் நன்றியுடையவனாக இருப்பேன்.


பதிவு 2 | திரைமறைவு

நான் பல ஆண்டுகள் மேடையில் மனதைப் படிக்கும் நிகழ்ச்சி நடத்தியவன். ஆகவே தொழில்முறையில் எனக்குத் தெரிந்ததை மட்டும் எழுதுகிறேன். அக்காவிடம் எப்படிப் பேசுவது என்பதை மருத்துவத் துறையினர்தான் சொல்ல வேண்டும்.

அவர் சொன்ன நான்கையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பாருங்கள். நாலு பேர் முன்னால் சிரித்துத் தனிமையில் அழுவது என்பது, குறி கேட்க வந்து உட்காரும் எவருக்கும் பொருந்தும். மகிழ்ச்சியாக இருப்பவர் அங்கே போவதில்லை. 1948இல் பெர்ட்ராம் ஃபோரர் என்ற அமெரிக்க உளவியல் ஆசிரியர் தன் மாணவர்கள் 39 பேருக்கு ஓர் ஆளுமைத் தேர்வு வைத்தார். ஒரு வாரம் கழித்து, உன்னைப் பற்றிய கணிப்பு இது என்று ஒவ்வொருவரிடமும் ஒரு தாளைக் கொடுத்து, எவ்வளவு சரியாக இருக்கிறது என்று 5க்கு மதிப்பெண் போடச் சொன்னார். சராசரி 4.26 வந்தது. ஆனால் எல்லாருக்கும் அவர் கொடுத்தது ஒரே தாள். வரிகளைக் கடையில் விற்ற ஒரு சோதிடப் புத்தகத்திலிருந்து எடுத்திருந்தார். வெளியில் கட்டுப்பாடாகத் தோன்றினாலும் உள்ளுக்குள் கவலைப்படுகிறாய் என்பது அவற்றுள் ஒன்று. உங்கள் அக்கா கேட்ட முதல் வாக்கியத்துக்கும் இதற்கும் உள்ள தூரம் மிகக் குறைவு.

சொத்துப் பிரச்சினையும் இறந்தவருக்கான கடனும் அப்படியே. எந்தச் சொத்து, யாரோடு, எந்த ஊரில் என்று அவர் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். காலியாக விட்ட இடத்தை அக்காவே நிரப்பியிருக்கிறார். வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொல்லும்போது, தான் நிரப்பியதையும் சேர்த்து அவர் சொன்னதாகவே நினைவு சொல்லும். இது பொய் அல்ல. மனித நினைவு அப்படித்தான் வேலை செய்கிறது.

நான்காவதுதான் உங்களை உலுக்கியிருக்கிறது. தெரியவரும் கர்ப்பங்களில் ஏறத்தாழ 100க்கு 10 முதல் 15 வரை கலைந்துபோகின்றன. திருமணமான ஒரு பெண்ணிடம் இதைச் சொன்னால் அவருக்கே நடந்திருக்கலாம், அவர் அம்மாவுக்கு, அண்ணிக்கு, நாத்தனாருக்கு நடந்திருக்கலாம். யாருக்கு என்று குறிப்பிடாததால் எதுவும் பொருந்தும். எல்லாக் குடும்பங்களும் இதை வெளியில் பேசாமல் மூடி வைப்பதால், நம் வீட்டில் மட்டும் நடந்த ரகசியம் என்று ஒவ்வொருவரும் நினைக்கிறோம். அந்தத் தனிமையின் மீதுதான் குறி விழுகிறது. இன்னொரு வழியும் உண்டு. அழைத்துச் சென்ற உறவினருக்கு அந்த விஷயம் தெரியாது என்று உங்களால் உறுதியாகச் சொல்ல முடியுமா? அவர் கெட்ட எண்ணத்தோடு செய்திருக்க வேண்டியதில்லை. முறை வரும்வரை காத்திருக்கும் திண்ணையில் பக்கத்தில் உட்கார்ந்து, "பாவம், முகமே வாடிக் கிடக்கே, என்னம்மா கஷ்டம்?" என்று ஆறுதலாகக் கேட்கும் பெண்ணிடம் மனம் தாங்காமல் இரண்டு வார்த்தை சொல்லியிருந்தாலே போதும். இதைப் பெரிய அளவிலும் செய்திருக்கிறார்கள். 1986இல் அமெரிக்காவில் பீட்டர் போபாஃப் என்ற மதப் பிரசாரகர், கூட்டத்தில் இருந்தவர்களின் பெயர், நோய், முகவரி எல்லாவற்றையும் தெய்வ அருளால் சொல்வதாகக் காட்டிக்கொண்டிருந்தபோது, வித்தைக்காரரான ஜேம்ஸ் ராண்டியின் குழுவினர் ஒரு ரேடியோ கருவியை வைத்து 39.17 மெகாஹெர்ட்ஸில் ஒலித்த குரலைப் பதிவு செய்தார்கள். நிகழ்ச்சிக்கு முன்பு மக்கள் எழுதிக் கொடுத்த வேண்டுதல் அட்டைகளைப் பார்த்து, போபாஃபின் மனைவி அவர் காதுக்குள் இருந்த கருவியில் வாசித்துக்கொண்டிருந்தார்.

தகவலே இல்லாமல் செய்வதும் கடினம் அன்று. நேரில் நடப்பதை ஒரு துளி காட்டுகிறேன். "வீட்டுக்குத் தெற்கே மரம் ஒன்று இல்லையே?" என்று பாதிக் கேள்வியாக இழுப்பார். இருக்கிறது என்று நீங்கள் சொன்னால், "அதுதான் தெரிகிறது, அந்த நிழல்தான்" என்பார். இல்லை என்று சொன்னால், "இருக்கக் கூடாது, இருந்திருந்தால் இந்நேரம் குடும்பமே போயிருக்கும்" என்பார். இரண்டிலும் அவர் சரி. நீங்கள் பதில் சொல்லாமல் இருந்தாலும், கண்ணும் கழுத்தும் விரல்களும் சொல்லிவிடும்.

வைத்தீஸ்வரன்கோயில் நாடி சோதிடத்தில் பெற்றோர் பெயர் வருவதைக் கண்டு வியப்பவர்கள் பலர். கட்டை விரல் ரேகையை வாங்கிக்கொண்டு சுவடிக் கட்டை எடுத்து வந்து, ஒவ்வோர் ஏடாகப் புரட்டியபடி, அப்பா பெயர் சாமி பெயரா, மெய்யெழுத்தில் முடியுமா, உடன்பிறந்தவர் மூவரா என்று கேட்பார்கள். இல்லை என்றால் அது உங்கள் ஏடு அல்ல, அடுத்தது. ஆம், இல்லை என்று பதில் சொல்லும் கேள்விகள் 20 இருந்தால், அவற்றைக் கொண்டு 10,48,576 வாய்ப்புகளைப் பிரித்தறிய முடியும். நம்மிடையே வழங்கும் பெயர்கள் அத்தனை இல்லை. கடைசியில் "உங்கள் ஏடு கிடைத்துவிட்டது" என்று பாட்டாக வாசிக்கப்படும்போது, நாம் கொடுத்த பதில்களே வரிசையாகத் திரும்பி வருகின்றன. தவறிப்போன கேள்விகள் எல்லாம் வேறு யாருடைய ஏட்டுக்கோ உரியவை என்று மனம் ஒதுக்கிவிடுகிறது.

இதைப் படித்துவிட்டு அந்தக் குறிகாரரை உடனே மோசடிக்காரர் என்று முடிவுகட்டாதீர்கள். ரே ஹைமன் என்ற உளவியல் அறிஞர் பதின்ம வயதில் கைரேகை பார்த்துச் சம்பாதித்தவர். எல்லாம் பலிக்கிறதே என்று அவரே அதை முழுமையாக நம்பினார். தொழில்முறை மேடைக் கலைஞரான ஸ்டான்லி ஜாக்ஸ் என்ற நண்பர், ரேகை சொல்வதற்கு நேர் எதிராகச் சொல்லிப் பார் என்றார். சொன்னார். வந்தவர்கள் முன்போலவே வியந்து போனார்கள். சொல்பவரும் தன்னை அறியாமலே இந்த முறையைக் கற்றுக்கொண்டு, தனக்கு அருள் இருப்பதாக உண்மையாகவே நம்பக்கூடும். ஆனால் மருந்தை நிறுத்தச் சொன்னது வேறு. நம்பிச் சொன்னாலும் நம்பாமல் சொன்னாலும் அதனால் வரும் தீங்கு ஒன்றேதான்.


பதிவு 3 | இரவுப் பணி

ஓடைக்கரை தம்பிக்கு, நான் மனநலப் பிரிவில் செவிலியர். திரைமறைவு ஐயா எழுதியது அனைத்தும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை. ஆனால் அதை இப்போது அக்காவிடம் அப்படியே வாசித்துக் காட்ட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். மனச்சோர்வில் இருப்பவர் ஏற்கெனவே தன்னை எதற்கும் உதவாதவள் என்று நினைத்துக்கொண்டிருப்பார். ஏமாந்துவிட்டாய் என்று நாம் நிரூபித்தால், ஏமாறவும் செய்தவள் என்ற பழி அதோடு சேரும். அந்த இடத்தில் அவருக்கு என்ன கிடைத்தது என்பதையும் பார்க்க வேண்டும். ஒருவர் எதிரில் உட்கார்ந்து, வேறு எதையும் பார்க்காமல், உனக்கு வலிக்கிறது என்று சொல்லியிருக்கிறார். எங்கள் புறநோயாளிப் பிரிவில் வரிசை நிற்கும் நாட்களில் ஒரு நோயாளிக்குக் கிடைக்கும் நிமிடங்களை நான் அறிவேன். அந்தக் குறையை எங்கள் பக்கம் வைத்துக்கொண்டு, நீ ஏன் அங்கே போனாய் என்று கேட்க எனக்கு மனம் வரவில்லை.

ஆகவே மறுப்பதற்குப் பதிலாகக் கேளுங்கள். அவர் சொன்னதில் எது உன்னை அழ வைத்தது என்று கேளுங்கள். அந்தக் குழந்தையைப் பற்றி அக்கா இதுவரை யாரிடமும் பேசியதே இல்லை என்றால், அந்தத் துக்கத்துக்கு உங்கள் வீட்டில் இடமே இல்லாமல் இருந்திருக்கிறது. மனநல ஆலோசகர் செய்வதும் அந்த இடத்தைத் தருவதுதான். குறிகாரர் அவராகச் சொல்கிறார், நாம் தலையாட்டுகிறோம். ஆலோசகர் நம்மைச் சொல்ல விடுகிறார், தான் புரிந்துகொண்டது தவறாக இருக்கலாம் என்று நம்மிடமே சரிபார்க்கிறார், காரணத்தைப் பங்காளி வீட்டுப் பெண்ணின் தலையில் கட்டுவதில்லை.

மருந்தைப் பற்றி ஒன்றைச் சொல்ல வேண்டும். மனச்சோர்வுக்கான மாத்திரைகள் வேலை செய்யத் தொடங்கவே பொதுவாக இரண்டு முதல் நான்கு வாரங்கள் ஆகும். முழுப் பயன் தெரிய அதற்கும் மேல் ஆகும். ஒரு மண்டலம் என்பது 48 நாள். மாத்திரையும் பரிகாரமும் ஒரே காலத்தில் தொடங்கினால், தேறும் நாள் வரும்போது நன்றி தாயத்துக்குப் போய்ச் சேர்கிறது. மருந்தே எடுக்காவிட்டாலும் இந்த நோய் ஏறி இறங்கும் தன்மை உடையது. மிக மோசமான கட்டத்தில்தான் நாம் குறி கேட்க ஓடுகிறோம், அதற்குப் பின் வரும் சிறிய இறக்கம் பரிகாரத்தின் பலனாகத் தோன்றுகிறது. இதற்கு மறுபக்கமும் உண்டு. மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் சிலருக்குத் தலைசுற்றல், எரிச்சல், தூக்கமின்மை, உடம்பில் மின்சாரம் பாய்வது போன்ற உணர்வு வரலாம். விஷயம் தெரியாதவர்கள் இதையே செய்வினை முற்றிவிட்டது என்று எடுத்துக்கொள்வார்கள்.


பதிவு 4 | வேப்பங்காற்று

நான் மாறுபடுகிறேன். எங்கள் அம்மா மனம் பேதலித்து இருந்தபோது குலதெய்வக் கோயிலில் தங்கித்தான் தேறினார். அங்கே யாரும் அவரை நோயாளி என்று பார்க்கவில்லை. எல்லாவற்றையும் தந்திரம் என்று விளக்கிவிட்டால், எங்களைப் போன்றவர்கள் பிடித்துக்கொண்டு நிற்கும் ஒரே கொம்பையும் ஒடித்துவிடுகிறீர்கள். மருத்துவரிடம் போகக் கூசுகிற குடும்பங்கள் கோயிலுக்காவது போகின்றன. அதையும் தடுக்க வேண்டுமா?


பதிவு 5 | இரவுப் பணி

தடுக்கச் சொல்லவில்லை அம்மா. உங்கள் அனுபவத்துக்குப் பக்கபலமாக ஓர் ஆய்வே இருக்கிறது. 2002இல் பிரித்தானிய மருத்துவ இதழில் வெளியானது அது. தமிழ்நாட்டில் முத்துசுவாமி கோயில் என்ற ஒரு கிராமக் கோயிலில் வந்து தங்கிய, தீவிர மனநோய் உள்ள 31 பேரை மருத்துவர்கள் கவனித்தார்கள். சராசரியாக ஆறு வாரம் தங்கியவர்களின் நோய்க்குறிகள் ஏறத்தாழ 20 சதவீதம் குறைந்திருந்தன. ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு குழு இல்லாததால் அதை வைத்துப் பெரிய முடிவுக்கு வர முடியாது என்றாலும், அச்சுறுத்தாத ஓர் இடத்தில், அன்றாட வேலைகளில் பங்கெடுத்து, மரியாதையோடு வாழ்வது மனதுக்கு நல்லது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அந்த நன்மைக்கு யாரும் யாருடைய மனதையும் படிக்க வேண்டியிருக்கவில்லை, எதிரியின் பெயரைச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அதே நம்பிக்கையின் பெயரால் நடந்த இன்னொன்றையும் நாம் மறக்கக் கூடாது. 2001 ஆகஸ்ட் 6 அன்று இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், மனநோயாளிகளைக் காப்பகம் என்ற பெயரில் தங்க வைத்திருந்த ஓலைக் கொட்டகையில் தீப்பிடித்தபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். தர்காவுக்கு வேண்டுதலோடு வந்த குடும்பங்களை நம்பி நடந்தவை அந்தக் காப்பகங்கள். 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டம், மனநோய் உள்ளவரை எந்த வகையிலும் சங்கிலியால் கட்டுவதைத் தடை செய்கிறது. உங்கள் அம்மாவுக்குக் கிடைத்த கோயிலும் இந்தக் கொட்டகையும் ஒன்றல்ல என்பதை நானும் சொல்கிறேன். கோயிலும் தொடரட்டும், மாத்திரையும் தொடரட்டும் என்பதே நான் கேட்பது.


பதிவு 6 | கடைசி இருக்கை

இழையின் பொருளுக்கு இது சற்றுப் பக்கவாட்டில் இருக்கலாம். ஆனால் எனக்கு நெருக்கமானது என்பதால் கேட்கிறேன். எனக்குச் சமூகப் பதற்றம் உண்டு, சிகிச்சையில் இருக்கிறேன். வகுப்பில் பேச எழுந்தால், என் பயம் அத்தனை பேருக்கும் கண்ணாடிபோல் தெரிகிறது என்றே தோன்றும். மேடையில் மனதைப் படிப்பவர்கள், கண் அசைவையும் முகத் தசையையும் வைத்தே எண்ணத்தைப் படித்துவிடுவதாகச் சொல்லும் காணொளிகளைப் பார்த்த பிறகு இது அதிகமாகியிருக்கிறது. திரைமறைவு ஐயா, உண்மையில் அப்படிப் படிக்க முடியுமா?


பதிவு 7 | திரைமறைவு

தம்பி, முடியாது. எங்கள் தொழிலில் எனக்கு மிகவும் வருத்தம் தரும் பழக்கம் நீங்கள் சொன்னதுதான். அருள் என்று சொன்னால் இன்று படித்தவர்கள் நம்புவதில்லை என்பதால், அதே தந்திரத்தைச் செய்துவிட்டு, உளவியல் என்றும் உடல்மொழி என்றும் விளக்கம் சொல்கிறார்கள். உண்மையில் சீட்டில் எழுதியதை எட்டிப் பார்த்திருப்பார்கள். அல்லது தாளுக்கு அடியில் இருந்த அட்டையில் எழுத்தின் பதிவு விழுந்திருக்கும். அல்லது அரங்குக்கு வெளியிலேயே ஒருவரிடம் பேசித் தயார்செய்திருப்பார்கள். இந்த விளக்கத்தை நம்புபவர், தன் முகம் திறந்த புத்தகம் என்று பயப்படத் தொடங்குகிறார்.

ஒரு சிறிய உதாரணம். 1 முதல் 50க்குள் ஈரிலக்க எண் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள், இரண்டு இலக்கமும் ஒற்றைப்படையாக இருக்கட்டும், 15 மாதிரி, ஆனால் இரண்டும் வேறுவேறாக இருக்கட்டும் என்று மேடையில் வேகமாகச் சொல்வோம். 50 எண்கள் திறந்திருப்பதாகக் கேட்பவருக்குத் தோன்றும். எழுதிப் பாருங்கள்: 13, 15, 17, 19, 31, 35, 37, 39 என்று எட்டே எட்டுதான் தேறும். 15ஐ நாமே உதாரணமாகச் சொல்லிவிட்டதால் அதை யாரும் எடுப்பதில்லை. மிச்சத்தில் 37 என்று சொல்லும் கூட்டம் எப்போதும் பெரிது. தவறினால் பெரும்பாலும் 35. இதில் உங்கள் கண்ணுக்கு வேலையே இல்லை.

உடல் தானாகச் சிலவற்றைக் காட்டிக்கொடுப்பது உண்மை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெர்லினில் ஹான்ஸ் என்ற குதிரை, கணக்குக்கு விடையைக் குளம்பால் தட்டிச் சொன்னது. ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் என்ற உளவியலாளர் அதை ஆராய்ந்தபோது, கேட்பவருக்கே விடை தெரியாவிட்டாலோ, கேட்பவரைக் குதிரையால் பார்க்க முடியாவிட்டாலோ அது தோற்றது என்பது தெரிந்தது. சரியான எண்ணிக்கை வந்ததும் கேட்பவரின் தலை தன்னையறியாமல் சிறிது நிமிர்ந்தது. குதிரை அதைப் பார்த்து நிறுத்தியது. ஆனால் இதில் வெளிப்படுவது, எதிர்பார்ப்பு இப்போது நிறைவேறிவிட்டது என்ற ஒன்று மட்டுமே. என்ன எதிர்பார்ப்பு, எதனால் பயம், உள்ளே ஓடும் வாக்கியம் எது என்பதெல்லாம் வெளியில் வருவதில்லை. இருவரைப் பேச விட்டுப் படம் பிடித்து, ஒருவர் அந்த நொடியில் நினைத்ததை மற்றவர் ஊகித்தது எவ்வளவு சரி என்று வில்லியம் இக்ஸ் என்ற உளவியலாளர் நீண்டகாலம் அளந்திருக்கிறார். முன்பின் தெரியாதவர்களின் ஊகம் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குதான் சரியாக இருந்தது. நெருங்கிய நண்பர்களும் கணவன் மனைவியரும் அதைவிடச் சற்று மேல், அவ்வளவே.

உங்களுக்கு நேரடியாகப் பயன்படக்கூடியது வேறொன்று. 1998இல் தாமஸ் கிலோவிச்சும் உடன் ஆய்வாளர்களும், குமட்டும் சுவையுள்ள பானத்தை முகத்தில் காட்டாமல் குடிக்கச் சொன்னார்கள். தங்கள் அருவருப்பு பார்ப்பவர்களுக்குத் தெரிந்துவிட்டது என்று குடித்தவர்கள் நினைத்த அளவுக்குப் பார்ப்பவர்களால் கண்டுபிடிக்க முடியவில்லை. 2003இல் அதன் தொடர்ச்சியாக, மேடையில் பேசப்போகும் மாணவர்களில் ஒரு பகுதியினருக்கு இந்த உண்மையை முன்கூட்டியே விளக்கியபோது, அவர்கள் மற்றவர்களைவிட நன்றாகப் பேசினார்கள். பதற்றம் நமக்கு உள்ளே எவ்வளவு சத்தமாகக் கேட்டாலும், கடைசி வரிசைக்கு அது போய்ச் சேர்வதில்லை. உங்கள் சிகிச்சையாளரிடம் இதைப் பேசிப் பாருங்கள்.


பதிவு 8 | அண்ணன்

இதைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. என் தம்பிக்கு மனச்சிதைவு நோய். தன் எண்ணங்கள் தெருவில் போகிறவர்களுக்கும் கேட்கிறது என்பதே அவனுக்கு முதலில் வந்த குறி. நினைப்பதற்கே பயந்து, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு இருட்டறையில் உட்கார்ந்திருப்பான். எண்ணம் வெளியே ஒலிபரப்பாவதாக உணர்வதும், பிறர் எண்ணத்தை உள்ளே செருகுவதாக உணர்வதும் இந்த நோயின் முக்கிய அறிகுறிகள் என்று குர்ட் ஷ்னைடர் என்ற ஜெர்மானிய மருத்துவர் வகுத்தார் என்பதை மருத்துவர் பிறகு எங்களுக்கு விளக்கினார். அது தெரிவதற்கு முன்பு, மனதில் உள்ளதைச் சொல்பவர் என்று பெயர்பெற்ற ஒருவரிடம் உறவினர்கள் அவனை அழைத்துப் போனார்கள். "நீ நினைப்பதெல்லாம் எனக்குக் கேட்கிறது" என்று அவர் சொன்னார். நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். ஆனால் அவன் எதைக் கண்டு நடுங்கிக்கொண்டிருந்தானோ அதற்கு அது அத்தாட்சியாகிவிட்டது. யாரோ ஒருவர் கெடுதல் செய்கிறார் என்று அவர் கைகாட்டியதும், எதிர்வீட்டுக்காரர் மீது இருந்த சந்தேகம் உறுதிப்பட்டது. அந்தப் பேச்சின் பிடியிலிருந்து அவனை வெளியே கொண்டுவருவதற்கு மருந்தோடு சேர்த்து நெடுங்காலம் ஆயிற்று.

ஓடைக்கரை, உங்கள் அக்காவுக்கு வந்திருப்பது வேறு நோய். ஆனாலும் பங்காளி வீட்டுப் பெண்ணைப் பற்றிச் சொன்னதைக் குடும்பத்தில் யாரும் கொளுத்திவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒருமுறை பெயர் சொல்லப்பட்டுவிட்டால், அந்தப் பெண்ணின் வாழ்வும் அதில் சிக்கிக்கொள்ளும்.


பதிவு 9 | ஓடைக்கரை

எழுதிய அனைவருக்கும் நன்றி. நேற்று இரவு அக்காவிடம் அந்தக் குழந்தையைப் பற்றி மட்டும் கேட்டேன்; மற்ற எதையும் பேசவில்லை. வெகுநேரம் பேசினார். மாத்திரையைப் பற்றி அவரே, "மறுபடி போட்டால் தப்பா?" என்று கேட்டார். வீட்டில் மிச்சம் இருக்கிறது. அதையே எடுத்துக் கொடுத்துவிடலாமா?


பதிவு 10 | இரவுப் பணி

நீங்களாகக் கொடுக்க வேண்டாம் தம்பி. நிறுத்தி எத்தனை நாள் ஆகிறது என்பதைப் பொறுத்து, பழைய அளவிலேயே தொடரலாமா, குறைந்த அளவில் தொடங்க வேண்டுமா என்பதை மருத்துவர் முடிவு செய்வார். பழைய ஓ.பி. சீட்டையும் மிச்சம் இருக்கும் மாத்திரை அட்டையையும் கையில் எடுத்துக்கொண்டு அக்காவோடு நீங்களும் போங்கள். ஏன் நிறுத்தினோம் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். இந்தக் காரணத்தை நாங்கள் வாரந்தோறும் கேட்பவர்கள், யாரும் திட்ட மாட்டார்கள். பரிகாரம் பாதியில் நின்றுவிடுமோ என்று அக்கா பயந்தால், விளக்கு ஏற்றுவதையும் கோயிலுக்குப் போவதையும் நிறுத்த வேண்டியதில்லை என்று மருத்துவர் வாயாலேயே சொல்லக் கேளுங்கள். தேறிவிட்டதாகத் தோன்றிய பிறகும் குறைந்தது ஆறு மாதமாவது மருந்தைத் தொடரச் சொல்வார்கள். குழந்தையைப் பற்றிப் பேசுவதற்கு ஆலோசகரிடம் தனி நேரம் கேட்டு வாங்குங்கள்.

அதற்கு முன்பு இரவில் மனம் மிகவும் கனத்தாலோ, உயிரோடு இருந்து என்ன பயன் என்பது போன்ற பேச்சு வந்தாலோ, அக்காவைத் தனியாக விடாதீர்கள். இந்திய அரசின் தொலைபேசி மனநல உதவிச் சேவையான டெலி மானஸின் எண் 14416; எந்த நேரமும் அழைக்கலாம், கட்டணம் இல்லை, தமிழில் பேசுவார்கள். இலங்கையிலிருந்து இதைப் படிப்பவர்களுக்குத் தேசிய மனநல உதவி எண் 1926. பேச்சு உடனே ஆபத்தான நிலைக்குப் போனால், விடியட்டும் என்று காத்திருக்காமல் அருகில் உள்ள அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு அழைத்து வந்துவிடுங்கள். வண்டி இல்லையென்றால் 108.